நோன்பு திறக்கும் நேரத்து வங்கிக்காரன்

ரமளான் 9

அம்மாவுக்குச் சீட்டு விழுந்துவிட்டது. பணம் வங்கியில். பெருநாள் முடிந்ததும் நிஹால் அக்கா கல்யாணத்துக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் வாங்க வேண்டும். அக்கா காய்ச்சி வைத்த சர்க்கரைப் பாகில் உப்பு போட்டேன்.

"உன்னைப் பொறுத்துக்கறதே ஒரு நோன்புடி!"

"அப்ப கல்யாணத்தன்னிக்குத் திறந்துடலாம்கா."

செருப்பு பறந்தது.

ரமளான் 10

 எழுதினால்தான் மனசு அடங்கும்.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லச் சற்று முன்பு. அம்மா திராட்சை இலையில் சோறு மடித்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் எண்ணெய். கைபேசி ஸ்பீக்கரில்.

"ஹஜ்ஜாம்மா, பேங்க்லேர்ந்து பேசறேன். உங்க கார்டை முடக்கப் போறாங்க. இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க, காப்பாத்திடறேன்."

"பாங்குக்கு முன்னால பேங்க்கு!" என்று சிரித்தேன். சிரித்தேனே!

"பல்லைக் காட்டாம வந்த நம்பரைப் படிடி ஷாஹந்தா," என்றாள் அம்மா. படித்தேன். 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எண்ணுக்கு மேலேயே இருந்தது. பசியில் கண் தாண்டிப் போயிற்று.

இரண்டாவது எண் வந்தது. பாதி சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தேன். தெருவில் ஆளே இல்லை. ரமளானில் வங்கி மதியமே மூடிவிடும். இந்த நேரத்தில் அலெக்சாந்திரியாவில் எந்த வங்கிக்காரன் சோற்றை விட்டுவிட்டு அம்மாவின் கார்டைக் காப்பாற்றுவான்?

மீதியை வாய்க்கு வந்தபடி சொன்னேன்.

"தப்பா இருக்கே."

மறுபடி தப்பாகச் சொன்னேன்.

"ஏய், விளையாடறியா?" — தேன் ஒழுகிய குரல் கல்லாயிற்று. துண்டித்தேன்.

"பாவி! கார்டு போச்சே!"

"அம்மா, அவன் திருடன்மா."

அம்மா கையிலிருந்த இலை பிரிந்து சோறு தரையில் கொட்டியது.

கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு அடித்தோம். பாங்கு சொன்னார்கள், யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு பெண் எடுத்து, கார்டை முடக்கினாள். "முதல் நம்பரைச் சொல்லிட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றோம். "காலையில கிளைக்கு வந்துடுங்க."

முதல் எண் எதைத் திறந்துவிட்டது?

ரமளான் 11, காலை

மீண்டும் அவன். வேறு எண்ணிலிருந்து.

"ஷாஹந்தா கண்ணு..."

என் பெயர்! நேற்று அம்மா கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறான்.

"உன்னாலதான் உங்கம்மா பணம் மாட்டிக்கிச்சு. நம்பரைச் சொல்லிடு. இல்லேன்னா போலீஸ்ல உன் பேரைத்தான் கொடுப்பேன்."

  துண்டித்தேன். பெயர் தெரியும். வீடு தெரியுமோ?

ரமளான் 11, மதியம்

கிளைக்குப் போனோம். பணம் இருக்கிறது. முதல் எண் அவன் கைபேசியை அம்மாவின் கணக்கோடு சேர்த்துவிட்டதாம். இரண்டாவதும் சரியாகப் போயிருந்தால் மொத்தமும் போயிருக்கும். அவன் கைபேசியை நீக்கிவிட்டார்கள். டிராமில் அம்மா என் கையை விடவே இல்லை. வலித்தது.

ரமளான் 12

"நாம பசியில அவசரப்படற நேரம் அவனுக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் அக்கா.

"அவனும் நோன்பு பிடிச்சிருப்பான்கா."

சிரிக்கத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. 

ரமளான் 15

பள்ளியிலிருந்து வேறு தெரு வழியாக வந்தேன்.

ரமளான் 21

அம்மா பெருநாள் வரை பொறுக்கவில்லை. வாஷிங் மெஷின் வந்துவிட்டது. படிக்கட்டு முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்களின் குலவை. அக்கா அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நோன்பு திறக்க உட்கார்ந்தோம். கைபேசி அடித்தது. தெரியாத எண். பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். மணி ஓயும்வரை ஒருவர் கையும் தண்ணீருக்குப் போகவில்லை.