உன் இடத்தில் நான் நின்ற ஞானஸ்நானம்

இன்று காலைப் பூசை முடிந்ததும் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். வழக்கம்போல் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட வந்த தாய், குழந்தையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று என் மடியில் வைத்துவிட்டாள். உச்சந்தலையில் பூசிய கிறிஸ்மா தைலம் இன்னும் காயவில்லை. குனிந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. உடனே நீ. வேறு யார்? செத்துப் பதினாலு மாதம் ஆகிறது, இன்னும் என்னை விடுவேனா என்கிறாய்.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. 'இருந்தது' என்று எழுதப் பார்த்தேன், பேனா ஒத்துக்கொள்ளவில்லை.

பத்தாவது படிக்கும்போது எண்ணூரிலிருந்து காலடிப்பேட்டைக்குக் குடிவந்தீர்கள், நீயும் உன் அம்மாவும் மட்டும். வந்த முதல் ஞாயிறே கோயிலில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் மறைக்கல்வித் தேர்வில் வருடா வருடம் முதல் பரிசு வாங்குகிறவள். நீ விசுவாசப் பிரமாணத்தையே பாதியில் முணுமுணுத்துச் சமாளிக்கிறவள். ஆனால் மாதா சுரூபத்தின் முன்னால் போய் நின்றால், எதிர்வீட்டு அக்காவிடம் பேசுகிற மாதிரிப் பேசுவாய். "மாதா, என்னால ஆவல. இன்னா ஏதுன்னு நீயே பாத்துக்கோ." கண்ணில் தண்ணீர் நிற்கும். அடுத்த நிமிடம் வெளியே வந்து, "பசிக்குதுடி, சுண்டல் வாங்கலாம் வா" என்பாய். நான் ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டு, உள்ளே ஏதாவது வந்ததா என்று காத்திருப்பேன். ஒன்றும் வந்திருக்காது. பரிசு வாங்குகிறவள் நான், கடவுள் போய்ப் பேசுவது உன்னிடமா? எவ்வளவு எரியும் தெரியுமா?

வேலைக்குப் போன பிறகும் அதே கதைதான். நான் பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் சேர்ந்தேன், நீ சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பில் போடப் போனாய். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் சிலுவை போட எனக்குக் கூச்சம். நெற்றியைச் சொறிகிற மாதிரி ஒன்று, துப்பட்டாவைச் சரிசெய்கிற மாதிரி ஒன்று என்று ஒரு சிலுவையை நாலு தவணையில் போட்டு முடிப்பேன். இதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நான் நல்லா பெருசா போடுவேன்டி. எங்க கடை பாய்கூட நான் கும்புட்டு முடிக்கிற வரைக்கும் டப்பாவத் தொறக்க மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னால், பூசை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வருகிறேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லுவாய். நான் வயிற்றுவலி என்று புளுகிவிட்டுப் பூசைக்கு வருவேன். "பூசைக்கு வர்றதுக்கே பொய்யா? அப்ப பாவசங்கீர்த்தனத்துக்கு வாரா வாரம் மேட்டரு ரெடி" என்று கிண்டல் செய்வாய். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போனால் அம்மா, "அந்தப் புள்ளையப் பாத்துக் கத்துக்கோடி" என்பாள். அங்கே சிரிப்பு வராது.

பிறகு அண்ணிக்குப் பெண் பிறந்தாள். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கப்போவது நான்தான் என்று நானே முடிவு செய்து, புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். அண்ணி கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காத. உன்னத்தான் அத்தைன்னு கூப்புடப் போறாளே. உன் தோஸ்துக்குச் சொந்தம்னு யாரு கீறா? ஆசப்பட்டு கேட்டா. அவ நிக்கட்டும்." நன்றாகத் தலையாட்டினேன். என் அண்ணன் பிள்ளை, என் வீடு, அங்கேயும் நீயா?

ஞானத்தாயாக நிற்கிறவர் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் வாங்கியிருக்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும். நீ எண்ணூரில் வாங்கினாய், அதனால் அந்தப் பங்குக் கோயிலிலிருந்து சான்றிதழ் வர வேண்டும். ஞாயிறுதோறும் பங்கு அலுவலகத்தில் உதவிக்கு இருந்த என்னிடம் ஃபாதர் சொன்னது, "சனிக்கிழமை கொண்டுவந்தா போதும். இல்லன்னா அங்க ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாம்." நான் புதன்கிழமை நாலு மணிக்கு உனக்குப் போன் போட்டுச் சொன்னது, "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சர்ட்டிபிகேட் வேணுமாம். இல்லன்னா முடியாதுன்னுட்டாரு."

உன் பின்னால் லாரியிலிருந்து கம்பி இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரி வுடு. நீ நின்னா இன்னா, நான் நின்னா இன்னா" என்றாய்.

அந்த ஞாயிறு நான் நின்றேன். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று ஃபாதர் கேட்டார். "விட்டுவிடுகிறேன்" என்று கணீரென்று சொன்னேன். பொய் சொன்ன அதே வாய். நீ மூன்றாவது பெஞ்சில் பிள்ளைக்கு வாங்கிய கொலுசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முடிந்ததும் ஓடிவந்து அவள் உச்சந்தலையை முகர்ந்து, "ஐயோ, இன்னா வாசனடி!" என்றாய். முகத்தில் ஒரு துளி வருத்தம் இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

எட்டே மாதம். டெங்கு என்றார்கள், ஐந்தாம் நாள் நீ இல்லை. அடக்கப் பூசைக்குக் கோயில் கொள்ளவில்லை. இரும்பு மார்க்கெட்டின் லோடுமேன்கள் வரிசையாக நின்றார்கள். உங்கள் கடை பாய் வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதார். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் சாவுக்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தேன். இப்படிப்பட்டவள் நான்.

அதன்பிறகு ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் "பொறாமைப்பட்டேன் சாமி" என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடுவேன். இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில்தான் முழுசாக வெளியே வந்தது. புது ஃபாதர் திட்டவில்லை. "நீ ஞானத்தாயா நின்ன அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட போய்ச் சொல்லிடும்மா" என்றார். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். அண்ணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இத்தச் சொல்லவா இத்தினி நாளா மென்னு முழுங்கிகினு இருந்த? அவளுக்குத் தெரியும்டி. மறுநாளே எண்ணூரு போயி சர்ட்டிபிகேட்டு வாங்கியாந்துட்டா. ஃபாதர்கிட்டயும் கேட்டுட்டா. எங்கிட்ட வந்து, 'அண்ணி, உங்க நாத்தனாரு ரொம்ப ஆசையா கீறா, அவளே நிக்கட்டும். எனக்குத் தாளு கெடைக்கலன்னே சொல்லிடுங்க'ன்னா."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் கஷ்டப்பட்டுச் செய்த பாவத்தைக்கூடத் தானமாக்கிவிட்டாயே! அதிலும் உனக்குத்தான் முதல் பரிசா? தட்டிப் பறித்தது என்றாவது அந்த இடம் என்னுடையதாக இருந்தது. போட்ட பிச்சை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? மூன்று நாளாக உன்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அந்த வாசனை வந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக உன் அம்மாவிடம் போனேன். நீ போனபிறகு அந்தத் தெருப்பக்கமே நான் போனதில்லை. பாப்பாவை அவர் மடியில் உட்காரவைத்து, "உங்க பொண்ணு ஞானத்தாயா நிக்க வேண்டிய புள்ளம்மா. நான்தான் பொய் சொல்லிக் கெடுத்துட்டேன்" என்றேன். வெளியே போடி என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன்.

உன் அம்மா பாப்பாவின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்துகொண்டே சொன்னார்: "தெரியும்மா. எண்ணூருலேந்து வந்து அந்தத் தாள கையில வச்சிகினு அப்டி அழுதா. ஒரு வா சோறு துன்னல. மாதா படத்த செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டா. 'அவளுக்கு அப்பா, அம்மா, அண்ணன், அண்ணின்னு வூடு நெறைய ஆளு கீறாங்க. நான் இந்த ஒண்ணுதானே கேட்டேன். அவளப் பாத்தா எப்பவுமே பொறாமையா கீதும்மா'ன்னா. அப்பால மூஞ்ச கழுவிகினு உங்க அண்ணி வூட்டுக்குப் போனா."

உனக்கா? என்மேலா? எப்பவுமேவா?

ஏன்டி சொல்லவில்லை? சுண்டல் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேனே. உனக்கு எல்லாம் சும்மா வருகிறது, கொடுப்பதும் உனக்குச் சுலபம் என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மாதாவோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் அழுதுவிட்டுத்தான் கொடுத்தாய் என்று தெரிந்ததும் எனக்கு வந்தது அழுகை. உன் அடக்கத்தன்று வராத அழுகை. உன் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

கிளம்பும்போது பாப்பா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்னிடம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அங்கேயும் எனக்குப் பொறாமை சுருக்கென்றது, போ. அப்படியே இருந்து தூங்கிவிட்டாள். தூக்கம் கலையாமல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். "அடுத்த ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்குக் கூட்டியாருவ?" என்று உன் அம்மா கேட்டார். பூசை விட்டதும் வருகிறோம் என்றேன்.