தனியாக நிறுத்தாதீர்கள் என்று சொன்ன அந்தோணி அண்ணனுக்கு

என் பிரியத்துக்குரிய அந்தோணி அண்ணே,

நாயுடுபுரத்தில் நம் மையம் திறந்துதான் இருக்கிறது. வாசலில் இப்போதும் ‘குடும்ப ஆலோசனை மையம்’ என்றுதான் பலகை தொங்குகிறது. குடி என்ற சொல் அதில் இருந்தால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள் என்று சண்டை போட்டு அப்படி எழுத வைத்தவர் நீங்கள். இன்றைக்கும் சிலர் வேறெங்கோ போகிறவர்களைப் போல நடந்து வந்து, சட்டென்று உள்ளே நுழைகிறார்கள்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டியவர். பல வருடம் குடித்து, நோயாளியாக நம் மையத்துக்கு வந்து, தேறி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். நான் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருப்பவரின் மகள். படித்துவிட்டு ஆலோசகராக வந்தேன். முதல் நாளே நீங்கள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டீர்கள். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை என்பது உங்களுக்கு அப்போது தெரியாது.

புதிதாக வருகிறவரிடம் முதலில் பேசுவது என் வேலை. எவ்வளவு நாளாக, எவ்வளவு, வீட்டில் யார் யார் என்று கேட்பேன். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை மலைக்குக் கீழே இருந்து மனநல மருத்துவர் வருவார். குடிக்குப் பின்னால் பலருக்கு வேறு வேதனை இருக்கும். செத்துப்போன பிள்ளை, காரணமே தெரியாத பயம், எதிலும் மனம் ஒட்டாத சோர்வு. அதற்கு அவர் மருந்து தருவார். நெடுநாள் குடித்தவர்களைத் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தோடு நிறுத்த வைப்போம். அவர்கள் மலையேறித் திரும்பிய பிறகுதான் நிஜமான பாடு தொடங்கும். அது உங்கள் பொறுப்பு. புதன்கிழமைக் கூட்டமும், வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும்.

கூட்டத்தில் நீங்கள் எப்போதும் முதலில் சொல்வது ஒன்றுதான். “குடிய நிறுத்தணும்னு தோணுச்சுன்னா வெரசா எங்ககிட்ட வந்து சொல்லுங்கப்பா. வீம்புக்குத் தனியா நிறுத்தாதீங்க. ஒடம்பு தாங்காது, வலிப்பு வந்துரும், உசுரே போயிரும்.”

அந்த நீங்கள் ஏன் அண்ணே தனியாக நிறுத்தினீர்கள்?

நீங்கள் போனது மாரடைப்பால் என்றுதான் ஊர் நம்பியது. நானும் நம்பினேன். முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ரோசி மதினி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“ஷம்சாத்து, ஒங்க அண்ணன் மறுபடி குடிச்சாரு. அவரு தம்பி செத்த துக்கத்துல ஆரமிச்சது. விறகுக்குப் பின்னால பாட்டிலா கெடக்கு. கடைசியில, போதும் ரோசி, நான் நிறுத்திர்றேன்னு உள் ரூம்ல படுத்துக்கிட்டாரு. காய்ச்சல்னு எல்லார்ட்டயும் சொல்லச் சொன்னாரு. மறுநாள் கை நடுங்குச்சு. அதுக்கு மறுநாள் வலிப்பு வந்து, ஆஸ்பத்திரி வாசல்லயே போயிருச்சு.”

“மதினி, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிடவான்னு கேட்டேன். வேண்டாம், தெரிஞ்சா வேலை போயிரும், மூஞ்சில முழிக்க முடியாதுன்னாரு. ஊருக்கு மாரடைப்புன்னே இருக்கட்டும். எம்புள்ள ஜஸ்டினுக்கும் அப்படித்தான் தெரியும். நீ யார்ட்டயும் சொல்லக் கூடாது.”

சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய? ஒருவர் நம்பிச் சொன்னது வெளியே போகக் கூடாது என்பதில்தான் நம் மையமே நிற்கிறது. வீட்டுக்கு நடந்து வரும்போது பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. அழுததை யாரும் பார்க்கவில்லை.

வேலை போயிரும் என்றீர்களாம். அந்த விதியை நான் மறக்கவில்லை. பணியில் இருப்பவர் குடித்தால் அன்றோடு வேலை இல்லை. நம்மோடு இருந்த இன்னொருவர் அப்படித்தான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நீங்கள் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அன்று உங்கள் மனதில் என்ன ஓடியது?

அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகள் எனக்கு முள்ளாக இருந்தன. கூட்டத்தில் உங்கள் படத்துக்கு மாலை போட்டார்கள். கடைசிவரைக்கும் தொடாத மனுசன் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் முருகேசன் பேசினார். அது அவருடைய நிஜப் பெயர் இல்லை. வில்பட்டியில் கேரட் மூட்டை ஏற்றுகிறவர். விடிந்ததும் குடிக்காமல் கை வேலைக்கு வராது. திண்டுக்கல்லில் படுக்கை சொல்லிவைத்திருந்தோம். எழுந்து நின்று சொன்னார்:

“எனக்கு ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாங்க. அந்தோணி அண்ணனுக்கு இருந்த வைராக்கியம் எனக்கும் இருக்கு. நானே நிறுத்திக் காட்டுறேன்.”

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியே உட்கார வைத்து, உடம்பு என்னாகும் என்று எடுத்துச் சொன்னேன். “நீங்க படிச்சதைச் சொல்றீங்க டீச்சர், நான் அண்ணனைப் பாத்தவன்” என்று சிரித்துவிட்டுப் போனார். ஆலோசகர் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

அன்று சாயங்காலமே மதினியைத் தேடிப் போனேன். அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையல்கட்டுக்கு வெளியே நின்று பேசினோம். யார் என்று சொல்லவில்லை. “மதினி, அண்ணனை மாதிரி தனியா நிறுத்தப் போறேன்னு ஒருத்தர் சொல்றாரு. அண்ணன் எப்படிப் போனாருன்னு தெரியாமத்தான் சொல்றாரு” என்றேன்.

மதினிக்குக் கோபம் வந்தது. “என் புருசன் பேரு நாறணும், ஊரான் பொழைக்கணும், அப்படியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? உங்களை நல்லவராக வைத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு என்ன மிச்சம் இருந்தது?

அடுத்த புதன்கிழமை அவரே வந்தார். அன்று கணவன், மனைவி எல்லாரும் சேர்ந்து உட்காரும் நாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உட்காராமல், உங்கள் படத்தைக் காட்டிப் பேசினார்.

“இவரு மாரடைப்புல போகல. மறுபடி குடிச்சாரு. வெக்கப்பட்டு யார்ட்டயும் சொல்லாம, தனியா நிறுத்தப் போயிச் செத்தாரு. ஒங்களுக்கெல்லாம் வேண்டாம் வேண்டாம்னு சொன்னாருல்ல, அதையே செஞ்சு செத்தாரு.”

முருகேசன் அன்று வந்திருக்கவில்லை. அவர் மனைவி செல்வி மட்டும் வந்திருந்தார். திடுக்கென்று எழுந்தார்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரும் நேத்துலேர்ந்து குடிக்கல. ஒடம்பெல்லாம் நடுங்குது. செவுத்துல எறும்பு ஊருது, தட்டிவிடுன்னு கத்துறாரு. ஒரு எறும்பும் இல்லக்கா. சரியாயிரும், யார்ட்டயும் சொல்லாதேன்னாரு.”

வெளியே நின்ற ஜீப்பில் நானும் மதினியும் செல்வியும் வில்பட்டிக்குப் பறந்தோம். முருகேசன் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தார். என்னை யாரென்று தெரியவில்லை. மதினிதான் தரையில் படுத்து, கையைப் பிடித்து, “வாப்பா, வா, நான் அந்தோணி சம்சாரம்” என்று பேசிப் பேசி வெளியே கொண்டு வந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு நுழையும்போதே வலிப்பு வந்துவிட்டது. நல்ல வேளை, ஊசி போட ஆள் இருந்தது. வலிப்பு அடங்கியதும் ஆம்புலன்ஸில் திண்டுக்கல்லுக்கு இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார் அண்ணே.

அவர் பிழைத்த சேதி வந்தபோது மதினி சந்தோஷப்பட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். “இவ்வளவுதானா? ஒரு ஊசிதானா? நான் கொஞ்சம் வெள்ளனே தூக்கிட்டு ஓடியிருந்தா ஒங்க அண்ணனும் இருந்திருப்பாருல்ல?” சுவருக்கும் அவர் நெற்றிக்கும் நடுவே என் கையை வைத்துக்கொண்டேன்.

பிறகு மதினி நம் இயக்குநர் மேடத்தைப் பார்க்க வந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அவரு வந்து, நான் குடிச்சிட்டேன்னு சொல்லியிருந்தா வேலையில வச்சிருப்பீங்களா?”

மேடம், விதி இருந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இல்லம்மா, வச்சிருக்க மாட்டேன்” என்றார்.

அந்த விதி இப்போது இல்லை. நம்மில் யாராவது மறுபடி குடித்தால், விடுப்பு கொடுத்து, தெரிந்த முகம் இல்லாத வேறு ஊர் மையத்துக்கு அனுப்புகிறோம். தேறி வந்தால் நாற்காலி காத்திருக்கும். உங்களுக்கு இது எட்டாமல் போயிற்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முருகேசன் சீசன் சமயத்தில் ஒரு முறை குடித்துவிட்டுக் கூட்டத்துக்கே வந்தார். உட்கார வைத்து டீ கொடுத்தோம். இப்போது மாத்திரையோடு நாளைத் தள்ளுகிறார். உங்கள் மகன் ஜஸ்டின், அப்பாவைச் சந்தியில் நிறுத்திவிட்டாள் என்று அம்மாவிடம் பேசுவதில்லை. என்னைக் கண்டாலும் எதிர்ப்பக்கம் போகிறான். மதினி மட்டும் புதன்கிழமை தவறாமல் வருகிறார். பேசச் சொன்னால் பேசுகிறார். சில நாள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அவரிடமும் முருகேசனிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

யாரிடமும் இதுவரை சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். சில மாதங்களாக எனக்குச் சரியில்லை. காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்தும் மனதில் ஒன்றும் அசைவதில்லை. கடையைச் சாத்திவிட்டு வரும் வாப்பா என்னவென்று கேட்டால் சோலி அதிகம் என்று சிரித்துச் சமாளிக்கிறேன். இதே வேலை பார்க்கிற எனக்கே இதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது. நீங்கள் உள் ரூமில் படுத்திருந்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது கொஞ்சம் விளங்குகிறது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற சனிக்கிழமை மருத்துவர் வரும்போது நான் வழக்கம்போல வந்தவர்களின் பேரைக் கூப்பிடுகிற இடத்தில் நிற்க மாட்டேன். வெளியே பெஞ்சில், வந்தவர்களோடு வந்தவளாக உட்கார்ந்திருப்பேன். என் பேரை வேறு யாராவது கூப்பிடட்டும்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் அண்ணே,
உங்கள் தங்கச்சி
ஷம்சாத்