யே என்றால் தண்ணீர்

நம் பத்மாவின் பெரிய மகள் பெங்களூரில் பாங்கு மேனேஜர் ஆகிவிட்டாள். சின்னவளுக்கு நர்ஸ் வேலை, அரசாங்கத்திலேயே கிடைத்துவிட்டது. தரணியின் மகன் பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தான். அவன் தங்கை ஓட்டப்பந்தயத்தில் கப்பு வாங்கினாள். அதை அவள் அப்பன் டிவி பெட்டி மேல் வைத்து, வருகிறவர்கள் எல்லாம் கேட்கும்வரை அதையே துடைத்துக்கொண்டிருக்கிறான். இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்? தெருவில் ஆரம்பித்தால், அடுப்பில் பால் வைத்த ஞாபகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது.

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. லாரியோடு போனாலும் இரண்டாம் நாள் வந்து நிற்பீர்கள். எழுத வேலை இருந்ததில்லை. அஞ்சாவதோடு நின்ற கை. எழுத்து கோணினால் சிரித்துக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் தண்ணீர்ப் பானையின் வாய்த்துணியை அலசிப் பிழிந்து கையில் வைத்திருந்தபோது பெங்களூரில் இருந்து போன் வந்தது. பேத்தி புருஷன் பேசினார். குரலில் நிஜமாகவே வருத்தம்.

"ஆயா, உங்க கொள்ளுப்பேத்தி என்ன மரியாதயே இல்லாம ஏய் ஏய்ன்றா. இப்பதான் பேச்சு வருது, அதுக்குள்ள இந்த வாயி."

பின்னால் பேத்தி சிரிக்கிறது கேட்டது. "தண்ணி கேக்குறா அவ. மொதல்ல குடுங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஈரத்துணியின் வாசம் கையில் இருந்தது. அந்த மாப்பிள்ளை ஒரு நிமிஷம் பட்ட வருத்தத்தை நான் ஒரு நாள் பொழுது சாயும்வரை பட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

பர்மாவில் இருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். எண்ணெய் மில்லில் இருந்து மல்லாட்டைப் பிண்ணாக்கு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போன நீங்கள், அங்கே முகாமில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அப்பன் தமிழ் ஆள், தாய் பர்மாக்காரி, இருவரும் இல்லை. பெண்ணுக்கு ஏழு வயது, தம்பிக்கு நாலு. யாரோ ஒரு கிழவி கப்பலில் கூட்டிவந்து இறக்கிவிட்டிருந்தாள். நமக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. வந்த அன்று நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அந்தப் பெண் தம்பிக்கு எப்படித் தலை வாரினாள் என்று மட்டும் சொன்னீர்கள். "கூட்டிக்கினு வாங்க" என்று சொன்னது நான்தான். காகிதம் எல்லாம் எழுதி முடிக்க மூன்று நடை ஆயிற்று. ஒரு மாசம் வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் கொண்டுவந்து விடுங்கள் என்று முகாம் அதிகாரி சொன்னாராம். அந்த வார்த்தையை நீங்கள் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

சித்திரை மாசம். நடுப்பகலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தீர்கள். கோட்டை மலைப் பாறை எல்லாம் காய்ந்து, தெருவே தோசைக்கல் மாதிரி இருந்தது. அந்தப் பெண் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், கையை அல்ல. இடுப்பில் சுற்றின பூப்போட்ட துணி, கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ காய்ந்துபோன பூச்சு. அவர்கள் மூட்டையில் இருந்த கருவாட்டைத் திண்டிவனத்திலேயே யாருக்கோ கொடுத்துவிட்டீர்கள். வாசம் மட்டும் கூடவே வந்துவிட்டது. நாமோ நயினார் வீடு, சமணர்கள், பூச்சி விழுந்துவிடும் என்று தண்ணீரைக் கூடத் துணியில் வடிகட்டாமல் குடிக்காதவர்கள். அத்தை மூக்கைச் சுருக்கினார்கள்.

"இன்னாடா இது வாசன?"

"கப்பல் வாசனம்மா. ரெண்டு குளியல்ல போயிடும்."

அப்படிச் சொல்லிவிட்டு, மில்லில் ஆள் இல்லை என்று சட்டையைக் கூட மாற்றாமல் போய்விட்டீர்கள்.

இனி நான் செய்த காரியம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்போம். அன்றைக்கு வேண்டுமென்றேதான் நான் அதைக் கொடுக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பு விருந்தாளிக்கு. இவர்கள் என் பிள்ளைகள், பெற்றவள் பிள்ளைக்குச் சொம்பையா நீட்டுவாள் என்று என் புத்தியில் பட்டது. விடிகாலையில் இருந்து காய்ச்சிய பால் பாயசத்தை எடுத்துவைத்தேன். பையன் ஒரு வாய் வைத்துத் துப்பினான். மோர் கொடுத்தேன், புளிப்பில் முகம் கோணி அக்காள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான். காய்ச்சின பாலும் அப்படியே ஆடை கட்டியது. தண்ணீர்ப் பானையோ உள்ளே, துணி கட்டின வாயோடு. அதில் என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, "யே" என்றாள்.

நான் திரும்பினேன். மறுபடியும் "யே." அழவில்லை, கெஞ்சவில்லை. மாட்டுக்காரன் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி என் காதில் விழுந்தது. நான் அவளுக்கு அம்மா என்று சொல்லிக் காட்டினேன், மார்பைத் தொட்டு, மூன்று தரம். மூன்று தரமும் அவள் "யே" என்றாள்.

அத்தைக்குச் சிரிப்பு. "பேரு வெச்சிட்டா பாரு உனக்கு. இனிமே நானும் அப்படியே கூப்டறேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். எனக்கு உள்ளே போய்க் குத்தியது. பத்து வருஷம் தெருவில் கேட்டதை எல்லாம் பொறுத்தவளுக்கு, அந்த ஓர் எழுத்தைப் பொறுக்க முடியவில்லை. பொழுது சாயச் சாய அவள் அதையும் நிறுத்திவிட்டாள். தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்தபடியே இருந்தாள். இருட்டினால் நம் வீட்டில் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. பிள்ளைகள் சாப்பிடாமல் எனக்கும் சோறு இறங்கவில்லை. தட்டுகளைக் கவிழ்த்தேன். விளக்கேற்றவும் தோன்றவில்லை.

நீங்கள் வந்து நின்றதும் வாசலிலேயே சொன்னேன். "காலைல மொத பஸ்லயே கொண்டுபோய் வுட்டுடுங்க. இதுங்களுக்கு என்னப் புடிக்கல. என்ன ஏ-ன்றா அந்தப் பொண்ணு."

நீங்கள் கால் கழுவக் கிணற்றடி வாளியில் தண்ணீர் மொண்டீர்கள். அந்தச் சத்தம் கேட்டதுதான். பையன் மடியில் இருந்து குதித்து ஓடி, வாளிக்குள் முகத்தையே விட்டான். பின்னாலேயே ஓடிவந்த பெண் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். வாளியைக் காட்டி, "யே" என்றாள்.

நீங்கள் கீழே உட்கார்ந்தீர்கள், ஈரக்காலோடு. "தண்ணிய சொல்றா. மத்தியானத்துலேர்ந்து உன்னத் தண்ணி கேட்டுக்கினு இருக்கறா."

உள்ளே ஓடிப்போய் வடிகட்டின தண்ணீரைப் பானையோடு தூக்கிவந்தேன். பையன் குடித்தான், மூச்சு வாங்கினான், மறுபடி குடித்தான். அவன் போதும் என்று வயிற்றைத் தடவும்வரை அவள் லோட்டாவைத் தொடவில்லை. பிறகு இரண்டு லோட்டா ஒரே மூச்சில் குடித்தாள். மூன்றாவதை அவளே மொண்டாள். குடிக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"யே."

அவர்கள் வந்ததில் இருந்து நானும் ஒன்றும் குடிக்கவில்லை என்பதை அந்த வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

ஆனால் பொழுது போய்விட்டது. இருட்டின பிறகு ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று கல்யாணத்தன்று எடுத்த விரதம், ஒரு நாளும் தவறியதில்லை. லோட்டா என் முன்னால் நின்றது. அவள் கை தாழவே இல்லை.

"வேணாம்டி, இருட்டிப்போச்சு" என்றார்கள் அத்தை. அதட்டவில்லை, பயந்த மாதிரிதான் சொன்னார்கள்.

அப்போது நீங்கள் சொன்னது: "வௌக்கு ஏத்துனாதானம்மா பொழுது போனதா அர்த்தம். அவ இன்னும் ஏத்தலியே."

வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு விளக்கேற்றினேன். அன்று நம் வீட்டில் பொழுது அவ்வளவு தாமதமாகத்தான் சாய்ந்தது. அத்தை போய்ப் பழையபடி தட்டுகளை நிமிர்த்தி வைத்தார்கள். பிள்ளைகள் இருவரும் வெறுஞ்சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து, வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள்.

காலையில் முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நீங்கள் படுத்தபடியே என்னைப் பார்த்தீர்கள். நான் பால் கறக்கிறவனுக்குக் கதவைத் திறக்கப் போனேன். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அதற்கப்புறம் நீங்கள் எடுக்கவே இல்லை. கோபத்தில் நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன், நீங்களும் பேசியிருக்கிறீர்கள். ஒரு தரம் கூட 'அன்னிக்கு நீ அனுப்பிடச் சொன்னவதான' என்று உங்கள் வாயில் வந்ததில்லை. பிள்ளைகளுக்கும் தெரியாது. கடைசிவரை உங்களிடமே வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்கு நன்றி என்று சொல்ல எனக்கு நாக்கு வந்ததில்லை. எழுத வருகிறது, பாருங்கள்.

ஆனால் நான் வைத்துக்கொள்ளவில்லை. போன் வந்த கொஞ்ச நேரத்தில் பத்மா அவலூர்பேட்டையில் இருந்து வந்தபோது, பெங்களூர் போன் கதையைச் சொல்லி, அதோடு இதையும் சொல்லிவிட்டேன். மொதல் பஸ் என்றதையும் மறைக்கவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. பிறகு என் கையில் இருந்த துணியை வாங்கிப் பானை வாயில் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு எனக்குத் தமிழ் தெரியாதது நல்லதாப் போச்சும்மா."

இருவரும் சிரித்தோம். எனக்குத்தான் நடுவில் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

அவள் பர்மா பேச்சு எல்லாம் மறந்துவிட்டாள். தரணிக்குக் கப்பலே ஞாபகம் இல்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் நம் வீட்டை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் விளக்கேற்றுவதற்கு முன்னால், வீட்டில் யார் இருந்தாலும், "யே வேணுமா" என்று ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் திரியைத் தொடுகிறேன். வீட்டில் ஒருவரும் இல்லாத நாளிலும் கேட்கிறேன். உங்கள் படம் மாட்டின பக்கமாகப் பார்த்து.

பெங்களூர்க்காரி, போனிலேயே குழந்தையைக் காட்டுகிறேன் என்கிறாள். எனக்கு அது வேண்டாம். கையில் லோட்டாவோடு நிற்க வைத்துப் புதுசாக ஒரு போட்டோ எடுத்து, கார்டு அளவில் கழுவித் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்கள் படச் சட்டத்தின் ஓரத்தில் செருக இடம் விட்டிருக்கிறேன். அவளுக்கு என் பேச்சில் பயம் இல்லை. தாத்தா பேச்சு என்றால் உடனே கேட்பாள். அவள் கனவில் ஒரு நடை போய், சீக்கிரம் போஸ்டில் போடச் சொல்லுங்கள்.