இடக்கைத் தையல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை நம்புவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

முதலில் சட்டை விஷயம். லாரிக்காரரிடம் நீ அளவுக்குக் கொடுத்தனுப்பிய பழைய சட்டை கடைக்கு வந்து சேர்ந்தது. இதே மாதிரி இரண்டு வேண்டும், தோள்பட்டையை மட்டும் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து உனக்குத் தைத்தவனுக்கே அளவுச் சட்டை அனுப்புகிற காலம் வந்துவிட்டது. போகட்டும். அந்தச் சட்டையின் வலது முழங்கையில் ஒட்டுப் போட்டது யார்?

நீ இல்லை. மழுப்பாதே. கைத்தையல் வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் சாயும், இடக்கைக்காரருக்கு மறுபக்கம் சாயும். நீ வலக்கைக்காரி. உன் விரலைப் பிடித்து ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த ஒட்டு முழுக்க இடக்கைத் தையல். அதுவும் தொடக்கத்தில் தத்தித் தடுமாறி, போகப் போகச் சீராக வருகிறது. முதலில் பயந்து, பிறகு துணிச்சல் வந்த யாரோ ஒருவனுடைய வேலை. உன் சட்டையை வாங்கிக் கிழிசல் தைத்துத் தரும் அளவுக்கு அங்கே உனக்கு வேண்டியவன் யார்?

இதை உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "தைக்கத் தெரிஞ்ச பையன்னா நல்லதுதானே, கடைக்கும் ஆளாச்சு" என்கிறாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் யாரை விசாரிப்பது?

அடுத்த சந்தேகம் உன் கடிதம். கடைசியாக வந்தது கம்ப்யூட்டரில் அடித்தது. உன் கோழிக்கிறுக்கல் எங்கே போயிற்று? யாராவது பக்கத்தில் நின்று, இதை எழுது, அதை எழுதாதே என்று சொல்கிறார்களா? போன் போட்டால் சிக்னல் இல்லை என்கிறாய். வீடியோவில் வா என்றால் அதற்கும் சிக்னல் இல்லை என்கிறாய். ஊருக்கெல்லாம் கிடைக்கிற சிக்னல் உனக்கு மட்டும் கோபித்துக்கொண்டதா?

உன்னை இழுத்துப்போன அந்த இளம் உழவர் திட்டத்தின் மேலும் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. கடைக்கு எதிர்ச்சுவரில் அவர்கள் ஒட்டிய படம் இன்னும் இருக்கிறது. வயலில் நின்று சிரிக்கிறானே ஒரு பையன், அவன் சட்டையைப் பார்த்திருக்கிறாயா? மார்பில் மடிப்புக் கோடு அப்படியே நிற்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிவிட்ட சட்டை. அன்றைக்குக் காலைவரை அவன் மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டான். 'இளைஞர்களே, வாருங்கள்' என்று கீழே எழுதியிருக்கிறது. ஒரு வேலைக்கு இப்படி வருந்தி வருந்தி ஆள் கூப்பிட்டால், அதில் இருந்தவர்களெல்லாம் ஏன் போனார்கள் என்று கேட்க வேண்டாமா? தங்க இடம், சாப்பாடு, பயிற்சி முடிந்ததும் குத்தகைக்கு நிலம். எல்லாம் சும்மா கொடுக்கிறார்களாம். எனக்கு ஓரம் தைக்கிற நூலைக்கூட யாரும் சும்மா கொடுத்ததில்லை.

கண் மருத்துவர் தன் வரவேற்பு நாற்காலியை உனக்காக இன்னும் காலியாக வைத்திருக்கிறார். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறது. மாதக் கடைசிவரைதான் பொறுப்பாராம். நீ படித்த படிப்புக்கு ஏற்ற நிழல் வேலை அது. கிளம்பி வந்துவிடு. சட்டையை இங்கே வைத்தே அளவு பார்த்துக்கொள்ளலாம்.

உன் பதிலையும் உன் கையெழுத்தையும் எதிர்பார்க்கும்,
அப்பா


அன்பு மகளுக்கு,

உன் பதிலும் அச்சடித்துத்தான் வந்தது. 'ஒட்டு நான் போட்டதுதான் அப்பா' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதற்குமேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லைனிங் துணி வாங்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஆமாம், உன் பண்ணைக்குத்தான் வந்தேன். வேவு பார்க்க வந்தேன் என்றே வைத்துக்கொள்.

வேலியோரம் நின்று உங்கள் ஆண்பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தேன். குழாயைத் திருகியவன் வலக்கையால் திருகினான். களை வெட்டியவன் வலக்கைக்காரன். தாடி வைத்த ஒருவன்மேல் எனக்குப் பலத்த சந்தேகம் இருந்தது; அவனும் வலக்கையால்தான் முதுகைச் சொறிந்தான். அப்புறம்தான் உன்னைப் பார்த்தேன். வலது முன்கையில் மாவுக்கட்டு. இடக்கையால் குழி பறித்து, இடக்கையால் தக்காளி நாற்றை வைத்து, இடக்கையால் மண்ணை அணைத்துக்கொண்டிருந்தாய். அந்த வயலில் இருந்த ஒரே இடக்கைக்காரி என் மகள்.

அந்த நேரம் உங்கள் சமையல்கார அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தார். நான் யாரென்று சொல்லாமல் விசாரித்தேன். "வரப்புல வழுக்கி விழுந்துட்டா. சட்டையும் கிழிஞ்சு கையும் போச்சு. வீட்டுக்குச் சொல்லலை. சொன்னா அவங்கப்பா வந்து கையோட கூட்டிட்டுப் போயிடுவாராம்" என்றார். அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார், பாவம்.

நீ சொன்னது சரிதான். கூட்டிப்போகத்தான் நான் வாயைத் திறந்தேன். அப்போது உன் பக்கத்தில் ஒரு புதுப் பெண் வரப்பில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிறேன் என்றாள் போலிருக்கிறது. நீ அவளைத் தேற்றவில்லை, பாடமும் நடத்தவில்லை. நீ முதலில் நட்ட வரிசையைக் கையால் காட்டினாய். நான் பார்த்த வரிசைகளிலேயே அவ்வளவு கோணலான ஒன்றைப் பார்த்ததில்லை. "இது என் லட்சணம். அடுத்த வரிசையைப் பாரு, கொஞ்சம் நேராகுது. நாளைக்கு வேணா ஊருக்குப் போ, இப்ப இந்த வரிசையை முடி" என்றாய். அவள் சிரித்துவிட்டு எழுந்தாள். எதிர்ச்சுவரில் இருக்கிறவன் சொல்வதைவிட இது எவ்வளவோ தேவலை.

கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்த முழங்கை ஒட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வலி பொறுத்துக்கொண்டு நீ தனியாக உட்கார்ந்து போட்ட தையலைப் போய் எவனுடையதோ என்று எழுதினேனே. வழியெல்லாம் கோபமாகத்தான் வந்தேன். வீட்டில் அழுகையாக வந்தது.

நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் திட்டக்காரர்களை நான் இன்னும் நம்பவில்லை. நிலம் தருகிறேன் என்றால் எந்த நிலம், தண்ணீர் எங்கிருந்து வரும், விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று வாய்விட்டுக் கேள். வாயில் கொழுக்கட்டையா என்று அப்பா கேட்டதாகவும் சொல். உன்னையும் முழுதாக நம்பவில்லை. விழுந்ததை மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைப்பாளோ.

உன் அம்மாவுக்குக் கை விஷயம் தெரியாது. அவள் இடக்கைக்கார மருமகனுக்கு மனதுக்குள் விருந்தே வைத்துவிட்டாள். இரண்டு ஏமாற்றத்தையும் நீயே அவளிடம் சொல். எனக்குத் தைரியம் இல்லை.

சட்டை இரண்டையும் லாரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். தோள்பட்டையைத் தாராளமாக விட்டிருக்கிறேன். வலது கை மட்டும் அகலம், கட்டோடு நுழையும். பித்தானுக்குப் பதில் அழுத்துகிற பித்தான் வைத்திருக்கிறேன், ஒரு கையால் போட்டுக்கொள்ளலாம். கட்டுப் பிரித்ததும் அனுப்பு, கையைச் சிறிதாக்கித் தருகிறேன். கண் மருத்துவரிடம் நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்த கடிதத்தை மட்டும் அச்சடிக்காதே, கண்ணு. இடக்கையால் எழுது. கோணலாக வரட்டும். முதல் வரி எப்படி இருந்தாலும் நான் கடைசி வரிவரை படிப்பேன்.

அப்பா