அண்ணி கோபித்துக்கொண்ட நாள்

அன்புள்ள அண்ணி,

இன்று காலை சென்னாக்குன்னிக் கருவாடு வறுத்தேன். வாசம் மெயின்ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிருக்கும். அந்த வாசத்துக்கு நம் வீட்டில் யாராவது ஒருவர் சமையலறைக்குள் தலையை நீட்டுவது வழக்கம். இன்று நீட்ட வேண்டியவள் மருமகள். அவளோ நேற்று மதியத்திலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். வந்தவர்கள் எதிரில் அவள் வைத்த குழம்பைத் தண்ணி என்று சொல்லிவிட்டேனாம். சொன்னது நிஜம்தான். குழம்பும் தண்ணிதான். ஆனால் சாத்திய கதவைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

கோபித்துக்கொள்வதில் நம் சொந்தத்தில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. என் கல்யாணத்தில் நாத்தனாராக நின்று மூன்றாம் முடிச்சைப் போட்டவர் நீங்கள். போட்டுவிட்டு என் காதில், "இறுக்கித்தான் போட்டிருக்கேன், ஓடிப்போவலாம்னு நெனைக்காத" என்றீர்கள். அடுத்த பந்திக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டீர்கள், உங்களுக்கு எடுத்த புடவையின் கரை சரியில்லை என்று. தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய்க் கெஞ்ச வேண்டும். முதல் தடவை கூப்பிட்டதும் எழுந்து வந்துவிட்டால் அது கோபமே இல்லை என்பது உங்கள் சட்டம். "எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்கல்லாம் சாப்பிடுங்க" என்பீர்கள். கண் மட்டும் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடும்.

மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவர்தானே நீங்கள். அங்கிருந்து தட்டை எடுத்துக்கொண்டு யாரும் வரவில்லை. நீங்களும் திரும்பிப் போகவில்லை. அன்றிலிருந்து எல்லாக் கோபத்தையும் எங்களிடமே காட்டினீர்கள். கெஞ்சுகிற உத்தியோகம் எனக்கு நிரந்தரமாயிற்று.

அதனால்தான் நீங்கள் பேச்சைக் குறைத்தபோது அதுவும் கோபம் என்றே எல்லோரும் நினைத்தோம். மறதி கொஞ்சம் இருந்தது. வயசானால் யாருக்கு இல்லை என்று விட்டுவிட்டோம். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டிவி போடவில்லை. தலை வாரவில்லை. உப்பு போட்ட சோற்றையும் போடாத சோற்றையும் ஒரே மாதிரி சாப்பிட்டீர்கள், மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்தபடியே. யார் என்ன சொன்னது என்று வீட்டில் பெரிய விசாரணை நடந்தது. மருமகளின் வளைகாப்பில் முதல் வளையலை உங்களைப் போடச் சொல்லவில்லை, அதுதான் காரணம் என்று தீர்ப்பாயிற்று.

உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப்போய்ப் பட்டுப்புடவை வாங்கிவந்து உங்கள் மடியில் வைத்தார். "நல்லா இருக்குதாக்கா?" என்றார். "ம்" என்றீர்கள். கரையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் குறை சொல்லாத முதல் புடவை அது. அப்படி என்ன செய்துவிட்டேன் உங்களுக்கு, என்னோடு பேசாமலே போய்விடுவீர்களோ என்று பயந்தேன்.

கடைசியில் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கோவம் இல்லைங்கம்மா. சோம்பேறித்தனமும் இல்ல, வீம்பும் இல்ல. மறதி நோயில இதுவும் சேர்ந்ததுதான். ஆசை, கோவம், நாமளே எழுந்து ஒரு வேலையத் தொடங்கணும்ங்கிற நெனப்பு, எல்லாம் மங்கிப்போயிடும். என்ன வேணும், என்ன செய்யலாம்னு கேட்டுக்கினு நிக்காதீங்க. நீங்க ஆரம்பிச்சு வைங்க. கூட வந்தாலும் வருவாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் உங்கள் தம்பிக்கு நிம்மதி. "கோவம் இல்லையாம்டி" என்று என் தோளைத் தட்டினார். நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் வந்தீர்கள். எனக்குத்தான் அழுகை வந்தது. கோபம் இல்லை என்றால் என்மேல் ஒன்றுமே இல்லை என்றுதானே அர்த்தம்? கோபத்துக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வரலாம். இதற்கு எதை எடுத்துக்கொண்டு வருவது?

முறத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். கொல்லை வாசலில் இரண்டு பேருக்கும் நடுவில் சென்னாக்குன்னியைக் கொட்டி, அந்தப் பொடி இறாலுக்குள் கிடந்த கல்லும் தூசியும் பொறுக்க ஆரம்பித்தேன். உங்கள் உள்ளங்கையிலும் ஒரு பிடி வைத்தேன். கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்தது. பிறகு உங்கள் விரல் ஒரு கல்லை எடுத்துக் கீழே போட்டது. நான் பொறுக்கினால் நீங்களும் பொறுக்கினீர்கள். பால் பொங்குகிறதென்று நான் எழுந்து போனால் உங்கள் கையும் நின்றுவிடும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி ஓடும். எதிரே பாத்திகளில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருக்கும். ஊர்க்கதை எல்லாம் நானே பேசி, நீங்கள் சொல்ல வேண்டிய பதிலையும் நானே சொல்லிக்கொள்வேன். எனக்கு அந்த மதியங்கள் பிடித்திருந்தன, அண்ணி. உங்களுக்கும் பிடித்திருந்ததா என்று கேட்கத்தான் வழியில்லை.

அப்புறம் பேரனுக்குக் காது குத்திய நாள். தாம்பூலத் தட்டை வைத்திருந்த பெண், இந்த அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, உங்களைத் தாண்டிப் போய்விட்டாள். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் உதடு இடதுபக்கம் கோணியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரும் கை கொடுக்காமல், நீங்களாகவே எழுந்தீர்கள். நேராகக் கொல்லைப்பக்கம் போய் பந்தலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்கள்.

"எங்க அக்கா கோச்சிக்கிச்சி!" என்று உங்கள் தம்பி பந்தல் முழுக்க ஓடி ஓடிச் சொன்னார். வந்தவர்கள் இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள்.

நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். "சாப்பிட வாங்க அண்ணி." சுற்றி முன்னால் வந்து உட்கார்ந்தேன். "நீங்க சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்." அப்போது சொன்னீர்கள்: "எனக்கு ஒண்ணும் வேணாம். நீ போயி வந்தவங்களப் பாரு."

எத்தனை மாதத்துக்கப்புறம் ஒரு முழுப் பேச்சு! எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. தாம்பூலத்தைக் கொண்டுவரச் சொல்லி உங்கள் கையில் கொடுத்தேன். வெற்றிலையைத் திருப்பிப் பார்த்து, "வாடிப்போச்சி" என்றீர்கள். பிறகுதான் வாயைத் திறந்தீர்கள். நான் ஊட்ட ஊட்ட எல்லாவற்றையும் சாப்பிட்டீர்கள், பாயசம் உட்பட.

மறுநாள் பழையபடி நாற்காலிதான். நீங்கள் அப்புறம் கோபித்துக்கொள்ளவே இல்லை. மழை முடிந்து பாத்திகளில் மறுபடி தண்ணீர் கட்டுகிற சமயத்தில், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஒரு நாளாவது என்மேல் கோபித்துக்கொண்டுவிட்டுத்தான் போனீர்கள்.

இப்போது தட்டோடு மருமகளின் கதவுக்கு வெளியே நிற்கிறேன். "உடுடி, பசிச்சா தானா வருவா" என்கிறார் உங்கள் தம்பி. அவருக்கு என்ன தெரியும்? சூடான சோறு, மேலே வறுத்த சென்னாக்குன்னி. ஒரு தடவை கூப்பிட்டாயிற்று. "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நல்ல கணீர்க் குரல், அண்ணி. கேட்கவே சந்தோஷமாக இருந்தது. மறுபடி கூப்பிடப் போகிறேன்.