உவர்க்குடிக் கரையில் நீ நீட்டிய கை

மச்சான்,

இன்று காலை அலுவிகாரை வீட்டு முற்றத்தில் மிளகு காயப் போட்டிருந்தோம். வெயில் நன்றாக ஏறிய நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தூறல். நானும் மனைவியும் ஓடிப்போய் நீலத் தறப்பாளை எடுத்து விரித்தோம். காற்று அடியில் புகுந்ததும் தறப்பாள் எழும்பி எழும்பி விழுந்தது. "புடிங்களே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று அவள் கத்தினாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நம்முடைய கடல் அப்படித்தான் இருந்தது. இரண்டு நீலத் தறப்பாள்களை ஒன்றாகத் தைத்து, மூலைக்கு ஓர் ஆளை நிறுத்தி உதறச் சொன்னோம். மலைக்கு நடுவில் பிறந்த இவனுங்களுக்குக் கடல் நாடகம் எதற்கு என்று ஊரே கேட்டது. நீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினாய். நான் வாப்பாவின் கடையில் மிளகும் கராம்பும் நிறுத்துக்கொண்டிருந்தேன். யட்டவத்த சந்தைக்கு வரும் நாட்களில் லொறியை ஓரங்கட்டிவிட்டு ப்ளேன்டீ குடிப்போம். அப்படிக் குடிக்கும்போதே பேசிப் பேசி ஓர் உலகத்தையே உண்டாக்கிவிட்டோம்.

அந்த உலகத்தில் கடல் தண்ணீர் இனிக்கும். நிலத்தில் எங்கும் உப்பு கிடையாது. உப்பு விளைவது ஒரே ஒரு தீவில். அதற்கு உவர்க்குடி என்று பெயர் வைத்தவன் நீ. அந்த உப்பை அள்ளிவர அரசன் ஒரு கப்பலை அனுப்புகிறான். "அது ஆளில்லாத தீவு" என்று சொல்லித்தான் அனுப்புகிறான். கப்பல் தலைவனுக்குச் செம்பரன் என்று நான் பெயர் வைத்தேன். போய்ப் பார்த்தால் தீவு நிறைய ஆட்கள். கஞ்சியும் சுட்ட கிழங்கும் எடுத்துக்கொண்டு கரைக்கே வந்து வரவேற்கிறார்கள். "உப்புத்தானே, அள்ளிக்கங்க. கப்பல் தாங்குற அளவுக்கு அள்ளுங்க, மழைக்கு முன்னால போயிருங்க" என்கிறார் தீவின் பெரியவர். செம்பரன் கேட்கவில்லை. ஆளே இல்லாத இடத்தில் நடுவதுபோலக் கொடியை நடுகிறான். மூட்டை மேல் மூட்டையாக ஏற்றுகிறான்.

இதுவரைக்கும் நமக்குள் சண்டை இல்லை. கப்பல் நாடு திரும்ப வேண்டும், அங்கே மேளம் கொட்ட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். நீ கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்தாய்.

"ஆளு இருக்கிற எடத்துக்குப் போயி, ஆளே இல்லன்னு கொடி நட்டவன் எப்பிடிடா ஊரு திரும்புவான்? கப்பல் முழுகணும்."

"சனம் காசு குடுத்து நாடகம் பாக்க வருது மச்சான். எல்லாரையும் சாகடிச்சா அழுதுகிட்டுப் போவாங்க."

"அழட்டும். எதுக்கு அழுகுறோம்னு தெரிஞ்சு அழட்டும்."

நீ சொன்னதுதான் எழுதப்பட்டது. பாரம் தாங்காமல், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே கப்பல் கவிழும். ஒருவரும் பிழைக்கமாட்டார்கள். பெரியவர் கைகட்டிக் கரையில் நிற்பார். திரை விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஊர் மண்டபத்தில் அதை மேடையேற்றினோம். தோட்டத்துச் சனங்களை உன் லொறியிலேயே ஏற்றிவந்தாய். எங்கள் கடைத்தெரு ஆட்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் விளங்குகிற சிங்கள அயலவர்களும் வந்திருந்தார்கள். நான்தான் செம்பரன். நீ தீவின் பெரியவர். துடுப்பு வலிப்பவர்கள் எல்லோரும் உன் தோட்டத்துக் கூட்டாளிகள்.

கடைசிக் காட்சி. மரத்தூள் நிரப்பிய மூட்டைகளின்மேல் நான் நிற்கிறேன். தறப்பாள் இடுப்பளவு எழும்புகிறது. துடுப்புக்காரர்கள் பழகியபடியே ஒவ்வொருவராக அதற்கடியில் போய்ப் படுத்துவிட்டார்கள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு கொழுந்துக்கார அக்கா எழும்பினாள்.

"ஏம்ப்பா, துடுப்பு போடுறவனுங்க என்னா பாவம் செஞ்சானுங்க? அவனுங்களயாவது இழுத்துப் போடுங்களேன்!"

மண்டபம் சிரித்தது. பிறகு இன்னொரு குரல், "ஆமா, இழுங்க!" சிங்களப் பெரியவர் ஒருவரும் அதுதானே சரி என்று தன் மொழியில் சத்தம் போட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். நீ கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டுக் கடலுக்குள் இறங்கிவிட்டாய்.

தறப்பாளைத் தூக்கி ஒருத்தனின் தோளைப் பிடித்தாய். அவன் எழும்பவில்லை. "நாங்க செத்துட்டோம்ணே" என்ற அவன் குரல் மண்டபத்துக்கே கேட்டது.

"யாருடா சொன்னா? எந்திரிச்சு வா!"

அந்தக் கைதட்டலைப்போல ஒன்றை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஒவ்வொருவரையும் இழுத்துக் கரையில் உட்காரவைத்தாய். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். நீ திரும்பி, எனக்கும் கையை நீட்டினாய்.

உன் விரல்கள் என் முகத்துக்கு நேரே இருந்தன. நான் உன் கையைப் பிடிக்கவில்லை. மூட்டையின்மேல் உட்கார்ந்தேன். தறப்பாள் என் தலையை மூடியது.

அன்று லொறியில் திரும்பும்போது தொடங்கிய வாக்குவாதம் நம் தலை நரைக்கும்வரை ஓயவில்லை.

"ஏண்டா கையப் புடிக்கல?"

"கப்பலக் கவுத்தவன் கரையேறக் கூடாது மச்சான். அதுதான் நியாயம்."

"அவன் செத்து யாருக்கு என்னா பிரயோசனம்? கரையில ஏறி, அவனால சாகப் பாத்தவங்களோட ஒக்காந்து சோறு திங்கணும். அவங்க மூஞ்சியப் பாக்கணும். அதத்தான் அவன் செய்யணும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீயும் விடவில்லை. கடைக்கு வந்தால், கல்யாண வீட்டில் கண்டால், தேரடியில் நின்றால், முதல் பேச்சே அதுதான். "செம்பரன் இன்னிக்கு உப்புப் பாத்திக்கு வரப்பு கட்டுறான்டா." "அவன் செத்துட்டான்." "ஒனக்குத்தான் செத்தான்." என் வாப்பா மௌத்தான அன்று நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செம்பரனுக்கும் அவன் தகப்பன் ஞாபகம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாய். அன்று நான் மறுத்துப் பேசவில்லை.

போன மழைக்காலத்தில் உன் நோய் முற்றிவிட்டது. பார்வையாளர் நேரத்தில் வார்ட்டுக்கு வந்தேன். உன் மனைவி கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தொண்டை நனையும் அளவுதான் உள்ளே போனது. அவள் பாத்திரம் கழுவப் போனதும் நீ என் பக்கம் முகத்தைத் திருப்பினாய். அத்தனை வருடமும் நீ சொல்வாய், நான் மறுப்பேன். அன்று நீ கேட்டாய்.

"மச்சான், செம்பரன் என்னா பண்றான்?"

செத்துவிட்டான் என்ற சொல் வழக்கம்போல வாய்வரை வந்தது. நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"நேத்து மழையில வரப்பு ஒடஞ்சிருச்சு. கட்டிக்கிட்டு இருக்கான். துடுப்புக்காரங்க ரெண்டு பேரு ஒத்தாசைக்கு நிக்கிறாங்க. இத்தன நாளுல இன்னிக்குத்தான் அவனோட பேசியிருக்காங்க."

"என்னா பேசுனாங்க?"

"கஞ்சி குடிச்சியான்னு கேட்டாங்க."

நீ சிரித்தாய். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "அப்ப பொழச்சிட்டான்" என்றாய்.

"பொழச்சிட்டான்டா."

அதற்குப் பிறகு நீ தூங்கிப்போனாய். அந்த வாரமே உன்னைத் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தார்கள். நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

என் நியாயம் மாறவில்லை என்று எனக்கு நானே இன்னும் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கிறான் என்று உன்னிடம் சொல்லிவிட்ட ஒருவனை, நீ போன பிறகு எப்படிச் சாகவிடுவது? உன் பங்கையும் நானே சொல்லவேண்டியதாகிவிட்டது. லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போதுகூட அவன் வந்து நிற்கிறான். போன வாரம் தீவுக்காரர்களின் பேச்சுவழக்கிலேயே அவர்களில் ஒருவனோடு சண்டை பிடித்தான். யாரும் பயப்படவில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது.

நேற்று, கரைக்கு வெகுதூரத்தில், இன்னொரு கப்பல் தெரிந்தது. அதே அரசனின் கொடி. தீவுக்காரர்கள் எல்லோரும் செம்பரனின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முழங்காலளவில் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, அடித்தொண்டையிலிருந்து கத்தினான்:

"இங்க ஆளு இருக்கோம்!"