மாதேவி நின்றுவிட்டாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

பொற்கொடியின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மா நலமா? நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் காட்டோர ஊரில் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

பள்ளியில் கூட இருந்த டீச்சர் ஓசூருக்கு மாற்றலாகிப் போனார். ஐந்து வகுப்புக்கும் இப்போது நான் ஒருத்திதான். போன வாரம் மூன்றாம் வகுப்பு மாதேவிக்கு வலிப்பு வந்தது. சத்துணவு அக்காவும் அன்று வரவில்லை. யானைக்குப் பயந்து மற்ற பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவளை வழியில் வந்த யாரோ ஒருவரின் பைக்கில் அஞ்செட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிழைத்துக்கொண்டாள், கவலைப்படாதீர்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பிள்ளைகள் அழுது ஓய்ந்திருந்தார்கள்.

மறுநாள் மாதேவியின் அம்மா வந்தாள். "இவ ஒருத்திக்காக அத்தன புள்ளைங்களயும் பூட்டி வெக்கறது பாவங்க டீச்சர். இனி ஆடு ஓட்டிட்டுப் போவட்டும்."

"காட்டுல வலிப்பு வந்தா யாரு பாப்பாங்க?" என்றேன்.

"இங்க மட்டும் யாரு இருக்கறாங்க?"

அன்றோடு மாதேவி பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். இன்று காலை நான் வரும் வழியில் மாதேவி ஆடுகளோடு நின்றாள். "டீச்சர்" என்று கையசைத்தாள்.

அந்தச் சின்ன ரேடியோவை அனுப்புங்கள் அப்பா. பள்ளி விட்டபின் இங்கே பேச்சுச் சத்தமே இல்லை. பஸ் வந்துவிட்டது, கண்டக்டரிடம் இதைக் கொடுக்க ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
பொற்கொடி